மானுக்கு நின்று, நரிக்குப் படுத்து

வின்சன்ற் காரை மூன்றாவது தரமாகப் பின்னுக்கு எடுத்தார். கோடு ஒன்றும் போடாத புல்தரை அது. எப்படி விட்டாலும் நேர்தான், எப்படி விட்டாலும் கோணல்தான். அவருக்கு மட்டும் திருப்தி வரவில்லை.

“கார் விடுறீங்களோ, மாதாவின்ரை சுருவத்தைக் கோயிலைச் சுத்தி எடுக்கிறீங்களோ?” என்று கேட்டாள் மனைவி பேர்பெச்சுவா. மடியில் மட்டன் றோல்ஸ் தட்டு.

“வெயில் படாத இடமாய்ப் பாக்கிறன்.”

“மழையெல்லோ தூறுது.”

அந்த நேரம் பார்த்துக் காட்டுக்குள்ளிருந்து ஒரு வெடிச் சத்தம் வந்தது. கண்ணாடி முழுக்க ஏற்றிய காருக்குள் அது தூரத்துக் கதவடிப்பு மாதிரித்தான் கேட்டது. ஆனாலும் வின்சன்றின் இரண்டு தோளும் காதைத் தொட்டுவிட்டு இறங்கின. பேர்பெச்சுவா கண்டாள். கண்டதைக் காட்டிக்கொள்ளாமல், றோல்ஸ் எல்லாம் பத்திரமோ என்று பார்க்கிறவள் போலக் குனிந்துகொண்டாள். மனிசனின் மானத்தைக் காப்பாற்ற ஒரு பெண்சாதிக்கு எத்தனையோ வழி உண்டு. றோல்ஸ் அதில் ஒன்று.

ஹனோவருக்கு வடக்கே, காட்டுக்குள் இருக்கிற வேட்டைக்காரர் சங்கத்தின் சுடுதளம் அது. வருசத்தில் ஒரு சனிக்கிழமை குடும்ப நாள். பெற்றவர் ஒருவரும் பிள்ளை ஒருவருமாகச் சோடி சேர்ந்து, வேட்டைத் துவக்கால் கடதாசி மிருகங்களைச் சுடவேண்டும். ஒருவர் நின்றபடி மானைச் சுடுவார், மற்றவர் படுத்தபடி நரியைச் சுடுவார். இருவரின் புள்ளிகளையும் கூட்டுவார்கள். பிறகு எல்லோருமாகச் சொசேஜ் தின்பார்கள். அந்தச் சொசேஜுக்குள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததைத் தவிர, வேறெந்தச் சீவனுக்கும் அன்றைக்கு ஆபத்தில்லை.

மகள் ஜெசிக்கா கண்ணாடிக் கடையொன்றில் பார்வை சோதிக்கிறவள். ஹென்ரிக்கைக் கலியாணம் செய்த பிறகு, மாமனார் ஹார்ட்மூட்டோடு காட்டுக்குப் போய்ப் போய் அவளும் வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாள். போன வருசம் ஹென்ரிக்கும் தகப்பனும் சோடி. ஜெசிக்காவுக்குச் சோடியில்லை, வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றாள். இந்த வருசம் ஈஸ்டர் சாப்பாட்டில், “அப்பா, இந்தமுறை நானும் நீங்களும், என்ன?” என்று கேட்டாள். வின்சன்றின் வாயில் ஆட்டெலும்பு. வாயில் எலும்போடு இருக்கிற மனிதனிடம் வாங்கிய சம்மதம் எந்தக் கோட்டிலும் செல்லாது என்று அவர் பிறகு யோசித்தார். அதற்குள் தலை ஆடிவிட்டது.

அன்றைக்கே, குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றவரின் காதில் இன்னொன்றும் விழுந்தது. ஜெசிக்கா தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “இதுக்கும் அப்பா ஏதாவது சாட்டுச் சொன்னார் எண்டால், இனி நான் அவரிட்டை ஒண்டும் கேக்கமாட்டன், அம்மா. கோவத்தில சொல்லேல்லை. களைச்சுப்போனன்.”

கோபமென்றால் வின்சன்றுக்குச் சமாளிக்கத் தெரியும். ஒரு பகிடி விட்டால் ஆறிவிடும். களைப்புக்கு அவரிடம் பகிடி இருக்கவில்லை.

அவருடைய சாட்டுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. டிசம்பர் கடைசி இரவு தெரு முழுக்க வாணம் விடும்போது, “ஹைட்சுங்கில ஏதோ சத்தம் கேக்குது” என்று நிலக்கீழ் அறைக்கு இறங்கிவிடுவார். வீட்டைச் சூடாக்கும் அந்த இயந்திரத்துக்கு வருசத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் நடுச்சாமத்தில், வருத்தம் வருமென்று ஜெசிக்கா எட்டு வயதுவரை நம்பியிருந்தாள். கோடையில் ஊர்த் துவக்குச் சங்கத்தார் வெடி சுட்டபடி ஊர்வலம் வந்தால் அவருக்குப் பல்லுக்குத்து. பக்கத்து வீட்டுக்காரர்தான் அவளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார். ஏன் என்று வின்சன்ற் ஒருநாளும் சொன்னதில்லை. பேர்லினுக்குப் பக்கத்தில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக வந்திறங்கிய காலத்தில் யாரோ ஒரு அதிகாரிக்குச் சொன்னதுதான். அன்றைக்கும் மொழிபெயர்த்தவர் பாதியில் கொட்டாவி விட்டார்.

“வின்சன்ற்!” ஹார்ட்மூட் பச்சைத் தொப்பியோடு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர். எவர் கையைப் பிடித்தாலும் நாடி பார்க்கிற மாதிரித்தான் இருக்கும். “நான் தந்த காட்டுப்பன்றி எப்படி?”

“நல்ல பன்றி. பேர்பெச்சுவா தூள் போட்ட பிறகு, தான் எந்தக் காடு என்பதையே மறந்துவிட்டது.”

சம்பந்தி குலுங்கிச் சிரித்தார். வின்சன்றுக்கு ஜெர்மனில் பகிடி நன்றாக வரும். பயத்தைச் சொல்லத்தான் அந்த மொழியில் சொல் காணாது. தமிழிலும் காணாது என்பது வேறு விசயம்.

ஜெசிக்கா ஓடிவந்து தாய்க்கும் தகப்பனுக்கும் காதுக்காப்பு மாட்டிவிட்டாள். மாட்டியவள் தகப்பனுடையதை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சொன்னாள்: “மானை உங்களுக்குப் போட்டிருக்கிறன், அப்பா. துவக்கைத் தூணில சாத்திப்போட்டு, நிண்டுகொண்டு சுடுறது. லேசு. நரிக்கு நிலத்தில படுக்கவேணும். உங்கட முழங்கால் பாவம் எண்டு நரியை நான் எடுத்தன்.”

“நல்லது, பிள்ளை. ஆனால் எனக்கு இந்தத் தோள்மூட்டு...”

“எந்தத் தோள்?”

வின்சன்ற் கொஞ்சம் யோசித்தார். “ரெண்டும்.”

அவள் தூக்கிய பக்கத்தை மெதுவாகக் காதில் விட்டாள்.

அதற்குப் பிறகு வின்சன்ற் ஓரிடத்தில் நிற்கவில்லை. கழிப்பறைக்குப் போனார். கார் பூட்டியதோ என்று பார்த்தார். பூட்டியிருந்தது, திறந்து திரும்பப் பூட்டினார். ஒரு மரத்தைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று ஹார்ட்மூட்டைக் கேட்டு, அவர் சொல்லி முடிக்குமுன் அடுத்த மரத்துக்குப் போனார். ஒவ்வொரு வெடிக்கும் பாதை மாறியது. மேலிருந்து யாரும் பார்த்திருந்தால், கொதிக்கிற சட்டியில் போட்ட கடலை ஒன்று ஜக்கெற் போட்டுக்கொண்டு திரிகிறது என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பி வந்தபோது பேர்பெச்சுவா விருந்தினர் பகுதியில் துவக்கோடு நின்றாள். சிவப்பு அங்கி போட்ட கண்காணிப்பாளர், இடிக்குரல் மனிசி ஒருத்தி, அவளுடைய தோளைத் திருத்திவிட்டாள். பேர்பெச்சுவா சிலுவை போட்டாள், சுட்டாள். மானின் வயிற்றில் ஓட்டை. “இன்னொண்டு,” என்று கையை நீட்டினாள், பாண் கடையில் கேட்கிறது மாதிரி.

கன்னம் சிவக்க வந்தாள். “ஐயோ, நல்லாயிருக்கப்பா! தோளில ஒரு குத்து, பிறகு நெஞ்செல்லாம் காலி. ஜெசிக்கான்ரை கலியாணத்தில உங்கட அக்கா கதைச்ச கதை முழுக்க அந்த ஒரு வெடியோட போயிட்டுது.”

“உமக்கு முன்னால நிண்டது மானோ, அக்காவோ?”

“அதை ஏன் கேக்கிறீங்கள்?” என்று றோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

அப்போதுதான் கூப்பிட்டார்கள். “ஜெசிக்கா, வின்சன்ற்!”

கூரை போட்ட நீளக் கொட்டில், மரப்பலகைத் தரை. முன்னால் புல்வெளி, அதன் முடிவில் மண்மேடு, மண்மேட்டுக்கு முன்னால் மான். பக்கத்துத் தடங்களில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெசிக்கா துவக்கோடு முன்னே போனாள், வின்சன்ற் பின்னே, றோல்ஸோடு பேர்பெச்சுவா. மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்கையில் அவருக்கு விளங்கிவிட்டது, இது நடக்காது. சொல்லத்தான் வேண்டும். காதுக்காப்போடு சொன்னால் தன் குரல்கூடத் தனக்குக் கேளாது. அதைக் கழற்றினார்.

“பிள்ளை,” என்றார், “எனக்கு...”

பக்கத்துத் தடத்தில் பெரிய துவக்கொன்று வெடித்தது.

அடுத்ததாக அவருக்குத் தெரிந்தது பலகையின் மணம். குப்புறக் கிடந்தார். முழங்கைகள் ஊன்றி, நெஞ்சு தூக்கி, கைகள் காதை அடைத்து, வாய் ஆவென்று திறந்திருந்தது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ஆள். பேர்பெச்சுவா! அவளுடைய காதில் காதுக்காப்பு இருந்தது. வெடி அவளுக்குப் பெரிதாகக் கேட்டிருக்காது. அவர் விழுந்ததைக் கண்டாள், விழுந்தாள், அவ்வளவுதான். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் ஒருவர் விழுந்தால் மற்றவர் காரணம் கேட்பதில்லை. காரணம் கேட்டு நின்றவர்கள் பிறகு ஒன்றையும் கேட்கவில்லை.

“சுடுவதை நிறுத்து!” இடிக்குரல் அதிர்ந்தது. எல்லாத் துவக்கும் அடங்கின. கடித்த றோல்ஸ் ஒன்று மட்டும் பலகையில் உருண்டுபோனது. ஹார்ட்மூட் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்து முழங்காலில் நின்றார். “இதயமா? வின்சன்ற், இதயமா?” கழுத்தில் விரலை வைத்தார். நான் மாடில்லை, சம்பந்தி என்று சொல்ல வின்சன்றுக்கு ஆசை. வாய் திறந்துதான் இருந்தது. சீவியத்தில் முதல் முறையாக ஒரு பகிடி தொண்டையில் நின்றுவிட்டது.

ஜெசிக்காவின் சப்பாத்துகள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஒரு பெருமூச்சை எதிர்பார்த்தார். சப்பாத்துகள் மடங்கின. அவள் துவக்கை ஹார்ட்மூட்டிடம் கொடுத்துவிட்டு, பலகையில் அவருக்குப் பக்கத்தில் உடம்பை நீட்டிக் குப்புறப் படுத்தாள்.

“அப்பா. ஏன் வாயைத் திறந்து வைச்சிருக்கிறீங்கள்?”

பல்லுக்குத்து என்று சொல்லலாம். ஆனால் மூக்குக்கு மூக்கு ஒரு சாண் தூரத்தில் சாட்டுச் சொல்வது கஷ்டம்.

“காது வெடிக்காமல் இருக்க. ஷெல் விழேக்கை வாயைத் திறக்கவேணும்.”

“முழங்கை?”

“நெஞ்சு நிலத்தில முட்டக்கூடாது. நிலத்தால வாற அதிர்ச்சி ஆளை உள்ளுக்கை உடைச்சுப்போடும். கோட்டையில இருந்து ஆமி அடிக்கேக்கை நாங்கள் இப்பிடித்தான் கிடப்பம். எனக்கு இருபது வயசு. கொம்மாவும் இப்பிடித்தான், வேற தெருவில.”

“எனக்குப் பதினெட்டு,” என்று மறுபக்கத்திலிருந்து பேர்பெச்சுவா சொன்னாள். “நான் இவரைவிடக் கெதியா விழுவன்.”

ஜெசிக்கா சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. கையால் மூக்கைத் துடைத்தாள். “அப்ப ஹைட்சுங்?”

“அது ஒரு குறையுமில்லாமல் ஓடினது, பிள்ளை. நல்ல சாமான்.”

மூன்று பேரும் அப்படியே கிடந்தார்கள். கொட்டில் முழுக்கப் பச்சைத் தொப்பிகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன.

“அப்பா, உங்கட காலைப் பாருங்கோ.”

“என்ன, அடிபட்டுதோ?”

“இல்லை. ஆடேல்லை. விடியத்தொடக்கம் நீங்கள் ஓரிடத்தில நிக்கேல்லை. இப்பதான் ஆடாமல் இருக்கிறீங்கள்.”

மெய்தான். நிலத்தில் அவருடைய உடம்புக்குத் தன் வேலை தெரிந்திருந்தது.

ஜெசிக்கா முழங்கையில் நிமிர்ந்து சிவப்பு அங்கியைப் பார்த்து ஜெர்மனில் சொன்னாள்: “நாங்கள் மாற்றுகிறோம். மான் எனக்கு. நரி அப்பாவுக்கு.” பிறகு தமிழில், மெல்ல: “ஏலுமோ, அப்பா? ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லுங்கோ. சாட்டு வேண்டாம். நான் கோவிக்கமாட்டன், களைக்கவும் மாட்டன்.”

ஏலாது என்று சொல்ல இத்தனை வருசத்தில் இப்போதுதான் அவருக்கு அனுமதி கிடைத்தது. கிடைத்த பிறகு அந்தச் சொல்லைத் தேடினால் காணவில்லை.

“காதுக்காப்பை இறுக்கிப் போட்டுவிடு,” என்றார்.

சிவப்பு அங்கி குனிந்து அவருடைய முழங்கைகளைப் பார்த்தாள். ஒரு தையற்காரி தையலைப் பார்ப்பது போன்ற பார்வை. “இதில் திருத்த ஒன்றுமில்லை,” என்றாள். “பாயைக் கொண்டுவாருங்கள்.”

நரி தூரத்தில் இருந்தபடி அவரைப் பார்த்தது. ஜெசிக்கா பக்கத்தில் படுத்துக்கொண்டு தோட்டாவை ஒவ்வொன்றாகத் தந்தாள். முதலாவது மண்மேட்டுக்குள் போய்விட்டது. ஆனால் வின்சன்றுக்கு ஒரு புதினம் பிடிபட்டது: இந்த வெடி அவருக்குத் தெரியாமல் வராது. அந்தக் காலத்து வெடியெல்லாம் யாரோ எங்கேயோ இருந்து தீர்மானித்தது. இது அவருடைய விரல் சம்மதிக்கும்வரை குழலுக்குள் கைகட்டி நிற்கும். இரண்டாவது வாலுக்குப் பக்கத்தால் போனது. மூன்றாவது நரியின் பின்தொடையில்.

“ஆளுக்கு இன்னும் உயிரிருக்கு,” என்றார். “இன்னொண்டு தா. கெதியா தா.”

“அப்பா, நரி கடதாசி. ஓடாது.”

“உனக்கு நரியைத் தெரியாது.”

நாலாவது விலாவில் விழுந்தது. வின்சன்ற் பாயைக் கையால் அடித்துச் சிரித்தார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்: ஜெசிக்காவும் முழங்கை ஊன்றி, நெஞ்சு தூக்கி, வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

சுட்டு முடிந்தபிறகு எழும்ப முடியவில்லை. விழுவதற்கு இருந்த உசார் எழும்புவதற்கு இல்லை. மகள் ஒரு கையிலும் பெண்சாதி மறு கையிலும் பிடித்து, வலைக்குள் அகப்பட்ட திருக்கையைப் படகில் ஏற்றுவது போல இழுத்து நிறுத்தினார்கள். ஹார்ட்மூட் கைதட்டினார்.

இனி மான். ஜெசிக்கா தூணில் துவக்கைச் சாத்திக்கொண்டு நின்றாள். மற்றத் தடங்களிலும் வெடி திரும்பத் தொடங்கியது. சம்பந்தி காதருகே வந்து, “உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தும் பார்க்கலாம், வின்சன்ற். சத்தம் குறைவு,” என்றார். நல்ல மனிதர். சொல்லப்போனால், தன் பங்கு முடிந்துவிட்டது. வின்சன்ற் கதவுப் பக்கம் திரும்பினார், கொஞ்சம் நடந்தார், நின்றார், திரும்பி வந்தார். மகளுக்குப் பின்னால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். படுத்திருந்தவரைக்கும் வீரன். எழும்பினால் பழைய வின்சன்ற்தான்; ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துள்ளல்.

ஜெசிக்கா கன்னத்தைத் துவக்கில் வைத்தாள். திரும்பாமலே உரத்துக் கேட்டாள்: “அப்பா, நிக்கிறீங்களோ?”

“நிக்கிறன், நிக்கிறன். நீ சுடு!”

“நிக்கிற ஆள் துள்ளாமல் நில்லுங்கோ!” என்று பின்னாலிருந்து பேர்பெச்சுவா கத்தினாள். “பலகை ஆடுது, மான் தப்பப்போகுது!”

வின்சன்ற் பக்கத்துத் தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜெசிக்கா மூச்சை மெல்ல வெளியே விட்டு, விரலை விசையில் வைத்தாள்.