தூதன் கேட்ட தண்ணீர்

கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. கரும்புக் கட்டு சுமந்த வயதில்கூட இப்படி வலித்ததில்லை. உட்கார்ந்து பாடம் நடத்தினால் பின்பெஞ்சு தூங்கிவிடும் என்பதால் கோகிலவாணி மேசையில் இடுப்பைச் சாய்த்து நின்றாள். மோகனூர் சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பிள்ளைகளுக்குப் பழைய கிரேக்க சோக நாடகம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள்.

"இதோட கருப்பொருள் என்ன?"

"விதி, ஆணவம், பாசம்ங்க மேடம்." கைடில் இருந்த வரிசை மாறாமல் வந்தது.

அரசனின் பிடிவாதத்தால் மகன் சாகிறான். தூதன் வந்து அரசியிடம் அதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் அந்தக் காட்சி வந்ததும் நோட்ஸ் சொல்லி எழுதவைத்துத் தாண்டிவிடுவாள். வாய்விட்டுப் படித்தால் குரல் உடைந்துவிடுமோ என்று பயம். இன்றைக்கு யுவஸ்ரீ விடவில்லை.

"நீங்களே படிச்சுக் காட்டுங்க மேடம். கைடுல ஒண்ணும் புரியலீங்க."

வேறு வழியில்லாமல் படித்தாள். பாதியில் கௌசிக் எழுந்தான்.

"செத்துப்போயிட்டான்னு ஒத்த வார்த்தைல சொல்லிட்டுப் போறத உட்டுட்டு, எதுக்குங்க இந்த இழுவ இழுக்கறான்?"

"உன்னயாட்ட வாட்ஸப்புல போட்டுட்டுப் படுத்துக்கச் சொல்றியா?" என்றாள் யுவஸ்ரீ. வகுப்பு சிரித்தது. கோகிலவாணியும் சிரித்துவிட்டாள். புத்தகத்தை மூடினாள்.

"நாங்க சேலத்துல படிக்கறப்ப இத மேடையில போட்டோம். பெருமாயின்னு எங்கூர்ப் புள்ளதான் தூதன். வேட்டிய இழுத்துக் கட்டிக்கிட்டு வந்தா. வந்தவ வசனத்தச் சொல்லாம, 'கொஞ்சம் தண்ணி குடுங்க தாயி'ன்னா. அது புஸ்தகத்துலயே இல்ல. பின்னால நின்ன சாருக்கு மூஞ்சி செவந்துபோச்சு. ஆனா பாக்க வந்த எங்க ஊர்ச் சனம் மட்டும் அப்பவே அழ ஆரம்பிச்சிருச்சு."

"ஏனுங்க?"

"எழவு சேதி கொண்டுபோறவங்க தண்ணி குடிச்சுட்டுத்தான் வாயத் தொறப்பாங்க. சொன்னதுக்கப்பறம் அந்த ஊட்டுல பச்சத்தண்ணி தொடக்கூடாது. அதான் இந்தத் தூதனும் பேச்ச நீட்டறான், சாமி. சொல்லிட்டான்னா அப்பறம் அவனுக்கு அங்க எடமில்ல."

கௌசிக் உட்கார்ந்துவிட்டான்.

மீதியை அவள் சொல்லவில்லை. நாடகம் முடிந்த பிறகு விடுதியே பெருமாயியைத் தூதரே தூதரே என்றுதான் கூப்பிட்டது. ஒரே தட்டில் தின்று, ஒரே போர்வையில் படுத்து, அவளைக் கிண்டலடித்தே கழிந்த நாட்கள் அவை. அந்த மாதமே ஊருக்குப் போயிருந்த பெருமாயி, ஒரு மத்தியானம் அறை வாசலில் வந்து நின்றாள். செருப்பெல்லாம் புழுதி. உதடு வெடித்திருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடு புள்ள."

கோகிலவாணி கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். சொம்பை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "மொதல்ல சேதியச் சொல்லுங்க தூதரே, அப்பறம் தண்ணி!"

பெருமாயி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு முறை எச்சிலை விழுங்கினாள்.

"உங்கய்யன் போயிட்டாருடி. கரும்பு டிராக்டர் சாஞ்சிருச்சு."

பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை கோகிலவாணியைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள் பெருமாயி. வழியில் யாரோ நீட்டிய சோடாவை இவளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். தன் வாயில் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளவில்லை. அந்த வருடமே பெருமாயியைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், அவள் படிப்பு நின்றது. பிறகு கல்யாண மண்டபங்களில் பார்த்துக்கொண்டதோடு சரி. அங்கே இலைக்கு இலை பாட்டில் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஊட்டுக்கு வா என்றால், "வாரேன் புள்ள" என்பாள்; வந்ததில்லை.

"அந்தக்கா இப்ப எங்கீங்க இருக்காங்க?" யுவஸ்ரீ கேட்டாள்.

"வாழப்பாடில."

"அப்ப கருப்பொருள்னு என்னங்க மேடம் எழுதறது?"

கோகிலவாணி பலகைப் பக்கம் திரும்பிச் சாக்பீஸை வைத்தாள். வெள்ளையாய் ஒரு புள்ளி மட்டும் விழுந்தது. பெருமாயிக்கு அவள் ஒரு சொம்பு தண்ணீர் பாக்கி.