ஹாஜிரா பீயின் கள்ளி வேலி

சப்பாத்திக் கள்ளியை ஒழிக்கச் சர்க்கார் பணம் ஒதுக்கியிருக்கிறது என்று மணியக்காரர் வந்து சொன்னபோது, திருவான்மியூரில் ஷாஹுல் ஹமீதைப் போலச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. அவருடைய கேழ்வரகுக் கொல்லையில் பாதியைக் கள்ளி விழுங்கியிருந்தது. வெட்டிப் போட்டால் போட்ட இடத்திலேயே வேர் விடுகிற சனியனை மனிதன் எத்தனை தடவைதான் வெட்டுவான்?

இனி வெட்டவே வேண்டாமாம். விவசாய இலாகா இனாமாகப் பூச்சி தரும், அது கள்ளியைத் தின்றுவிடும். பிறகு ஒரு மூலை விடாமல் உழுது காட்டினால் கையில் மானியம். சர்க்கார் காசு நிபந்தனை இல்லாமல் வருமா?

அந்த மூலைப் பேச்சுதான் அவர் மனைவி ஹாஜிரா பீயைப் பயமுறுத்தியது. கொல்லை மூலையில்தான் அவர்களுடைய ஒரே மகள் சகினாவை அடக்கியிருந்தார்கள். அம்மை கண்டு அவள் கண்மூடிய வாரம் அடையாற்றில் வெள்ளம். அக்கரைக் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோக வழியில்லை. நரி தோண்டிவிடுமே என்று அன்றைக்கே கபரைச் சுற்றிக் கள்ளி மடல்களை நட்டாள் தாய்க்காரி. கல் எதுவும் வைக்கவில்லை. அந்த வேலிதான் அடையாளம்.

“அந்த வேலியண்ட பூச்சிய வுடமாட்டேன், நீ பயப்படாத,” என்றார் ஷாஹுல். சொன்னபடியே, இலாகா தந்த பூச்சி ஒட்டிய மடல்களைக் கொல்லையின் மறுகோடியில் வைத்தார்.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாள் வெள்ளாடுகள் முட்டி வேலியில் சந்து விழுந்திருந்தது. மனைவி பார்த்தால் துடித்துப்போவாளே என்று, எப்போதும் செய்கிற மாதிரி, கொல்லையிலிருந்து பச்சென்றிருந்த நாலு மடலை ஒடித்து நட்டு அடைத்தார். பூச்சிக் குஞ்சு கண்ணுக்கே தெரியாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பாவி மனுஷன், தன் கையாலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

வேலியில் வெள்ளைப் பஞ்சு பஞ்சாகப் பூச்சி தெரிந்தபோது விஷயம் கை மீறிப் போயிருந்தது. கையில் முள் ஏற ஏற இருவரும் துணியால் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்கப் பூச்சி நசுங்கிச் சிவப்புச் சாறு வழிந்தது. ஐப்பசி மழையில் வேலி தடம்கூட இல்லாமல் அழுகிப் போயிற்று, கபரின் மணல் மேடும் கரைந்து போயிற்று.

மழை விட்டபின் இலாகா அதிகாரி வந்தார். கள்ளி இல்லாத வெட்டவெளியைப் பார்த்து அவருக்கு ஏக சந்தோஷம். ஷாஹுல் தயங்கித் தயங்கிக் கபரைப் பற்றிச் சொன்னார். நல்ல மனுஷர், அந்த இடத்தை மட்டும் விட்டு உழுங்கள், மானியத்துக்கு நான் எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஷாஹுல் ஏர் பூட்டினார்.

“எந்த எடம்னு நின்னு காட்டு. அத்த வுட்டுட்டு ஓட்றேன்.”

ஹாஜிரா பீ மூலைக்குப் போய் ஓரிடத்தில் நின்றாள். பிறகு கொஞ்சம் தள்ளி நின்றாள். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னும் தள்ளிப் போனாள். எல்லா இடமும் ஒரே மணலாகக் கிடந்தது. அடுத்த அடி எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

“தெரியலியே. இப்ப புள்ள மேலதான் நின்னுகினு கீறனோ இன்னாவோ.”

ஷாஹுல் ஹமீது மாடுகளை அவிழ்த்துவிட்டார்.