திங்கட்கிழமைப் பூட்டு

பாக்கியரத்தினத்தின் டொல்பின் வானுக்குத் திங்கட்கிழமை பிடிக்காது. செவ்வாய் தொடக்கம் வெள்ளி வரை சொன்ன சொல் கேட்கும். திங்கள் விடிய ஐந்தே முக்காலுக்குத் திறப்பைப் போட்டுத் திருகினால் மட்டும் இக்னிஷன் பூட்டு அசையவே அசையாது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒரு தரம், வலப்பக்கம் ஒரு தரம் ஆட்டி, திறப்பை நூலளவு வெளியே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பவேண்டும். சில நாட்களில் மூன்றாம் தரத்தில் திரும்பும். சில நாட்களில் முப்பதாம் தரத்திலும் திரும்பாது. வானில் போகிற எட்டு ஆசிரியர்களும் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று பெயர் வைத்திருந்தார்கள். தங்களுக்கும் அதே காய்ச்சல் இருந்தபடியால் முதலில் சிரித்தார்கள்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. உப்புவெளியிலும் டவுனிலும் ஆட்களை ஏற்றி, கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூரால் சுற்றிப் போய், கட்டைபறிச்சான் பள்ளிக்கூட வாசலில் ஏழரைக்கு முன் அவர்களை இறக்கிவிடவேண்டும். ஏழரை அடித்ததும் அதிபர் கையெழுத்துப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறிவிடுவார். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது பெரிய மானக்கேடு. ஒரே மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை எட்டுப் பேரும் கோட்டுக்குக் கீழே போட்டார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் இறங்கும்போது தர்சிகா டீச்சர் கடைசியாக நின்று, மற்றவர்களுக்குமாகச் சேர்த்துப் பேசினார்.

"அண்ணை, உங்களை விட்டுட்டுப் போக எங்களுக்கு விருப்பமில்லை. ஆனா இன்னொரு கோடு விழுந்தா நாங்கள் இராகுலன்ர வானுக்கு மாறவேண்டித்தான் வரும்."

இராகுலனின் வான் புதுசு. ஏசி உண்டு. பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும். அதற்குத் திறப்பே போடத் தேவையில்லை என்பதுதான் பாக்கியரத்தினத்தின் வயிற்றைக் கூடுதலாக எரித்தது. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற மனிதருக்கு இந்த ஓட்டத்தை விட்டால் வேறு வேலை கிடையாது. வேலையில்லாமல் வீட்டில் இருந்தால் தான் எப்படிப்பட்ட ஆள் என்பது அவருக்கும் தெரியும், மனைவி தவமலருக்கும் தெரியும்.

தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்திருந்தார். முதலில் தேங்காய் எண்ணெய். பிறகு தையல் மெஷின் எண்ணெய். எண்ணெய் விட விடப் பூட்டு இன்னும் மோசமாகியது. கடல் காற்றுத்தான் காரணம் என்று முடிவு கட்டினார். திருகோணமலையில் எது பழுதானாலும் பழி கடல் காற்றுக்குத்தான். அது பாவம், வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

மறுநாள் ஓட்டம் முடிந்த கையோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டத் திறப்பு வெட்டுகிற ஸைனுலாப்தீனிடம் போனார். ஸைனுலாப்தீன் அதிகம் பேசாத கிண்ணியாக்காரர். பூட்டைக் கழற்றி, உள் உருளையை உருவி, ஒரு வெள்ளைக் கடதாசியில் தட்டினார். மஞ்சளாகக் களி மாதிரி ஏதோ விழுந்தது. அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவர், கடதாசியைப் பாக்கியரத்தினத்தின் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே மணந்து பாருங்க அண்ணன்."

சந்தனம்.

பாக்கியரத்தினத்துக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஸைனுலாப்தீன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நான் குறையாச் செல்லயில்ல. ஒங்கட வணக்கம் ஒங்களுக்கு. ஆனா திறப்புல வெச்சது அப்படியே உள்ளுக்குப் போகுது. ரெண்டு நாள் நிண்டா காய்ஞ்சு இறுகுது. அதுக்கு மேல எண்ணெயும் விட்டா களியாகாம என்ன செய்யும்? உள்ளுக்குள்ள சின்னச் சின்னத் தகடுகள் இருக்கு, அதுகள் ஏறி இறங்க ஏலாம நிக்குது. கழுவிப் பென்சில் தூள் போட்டுத் தாறன். இனித் திறப்பு சுத்தமா, காய்ஞ்சு இருக்கோணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்வது சுகம். அந்தச் சந்தனத்துக்கு ஒரு கதை இருந்தது. போன வருஷம் கிண்ணியாப் பாலத்தடியில் ஒரு லொறி வானின் பக்கத்தை உரசிக்கொண்டு போனது. கண்ணாடி நொறுங்கியதைத் தவிர ஆருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அன்றோடு தவமலரின் நித்திரை போய்விட்டது. கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பாள். அவர் விடிய வெளிக்கிட்டால் திரும்பி வரும்வரை கைத்தொலைபேசியைக் கீழே வைக்கமாட்டாள். டொக்டர் கொடுத்த குளிசையும் கேட்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவளாகவே சந்தனம் அரைத்து, வான் திறப்பின் இரண்டு பக்கமும் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தாள். ஈரம் காய முதல் ஒருதரம் வானை ஸ்டார்ட் செய்து காட்டவேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான். அன்றிரவு குறட்டை விட்டுத் தூங்கினாள். அதற்குப் பிறகு ஒரு வெள்ளியும் தவறவில்லை. வெள்ளி பின்னேரம் உள்ளே போன சந்தனம் சனியும் ஞாயிறும் ஆறுதலாக இறுகி, திங்கட்கிழமை தன் வேலையைக் காட்டியிருக்கிறது.

சொன்னால் உடனே நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் நித்திரையும் நின்றுவிடும். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடப்பது பாக்கியரத்தினத்துக்குப் பிடித்திருந்தது. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை, பயமாகவும் இருந்தது. அதனால் ஸைனுலாப்தீனின் கடையிலேயே நின்று ஒரு கெட்டித்தனம் யோசித்தார்.

"ஸைனுலாப்தீன் நானா, இதே மாதிரி இன்னொரு திறப்பும் வெட்டித் தாங்கோ."

ஸைனுலாப்தீன் அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெஷினைப் போட்டார்.

அன்றிலிருந்து பழைய திறப்பு சந்தனத்துக்கு, புதுத் திறப்பு பூட்டுக்கு. வெள்ளிக்கிழமை தவமலர் தட்டில் வைத்து நீட்டும் திறப்பை இரண்டு கையாலும் வாங்கி, வானுக்குள் ஏறி, அதைக் காற்சட்டைப் பையில் போட்டுவிட்டுச் சேட்டுப் பையிலிருந்து மற்றதை எடுத்து ஸ்டார்ட் செய்வார். அவள் வாசலில் நின்று கும்பிடுவாள். பிறகு அவர் பழைய திறப்பை ஒரு சீலைத்துண்டால் துடைத்து ஆணியில் மாட்டிவிடுவார். அந்த வயதில் கள்ள வேலை பழகுவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பலன் கிடைத்தது. இரண்டு திங்கட்கிழமை வான் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆனது. டீச்சர்மார் காய்ச்சல் சுகமோ என்று கேட்டார்கள். அவள் குறட்டைக்கும் குறைவில்லை.

மூன்றாம் கிழமை ஞாயிறு பின்னேரம் நிலாவெளியில் ஒரு செத்தவீடு. பாக்கியரத்தினம் வெள்ளைச் சேட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்விட்டார். வழக்கமான சேட்டைத் தோய்க்க எடுத்த தவமலரின் கையில் பையிலிருந்து புதுத் திறப்பு விழுந்தது. பளபளவென்று இருந்தது. மனிதர் மேலதிகமாக ஒன்று வெட்டி வைத்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அந்த வீட்டில் புதுச் சேட்டு வந்தாலும் ஓரத்தில் மஞ்சள் தடவாமல் ஆரும் போடுவதில்லை. புதுத் திறப்பை வெறுமனே விடலாமா? கல்லைக் கழுவி, சந்தனக் கட்டையை நன்றாக உரைத்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அப்பினாள். வானுக்குள் ஏறித் தானே அதைப் பூட்டுக்குள் செருகினாள். முன்னால் கற்பூரமும் கொளுத்தினாள். திறப்பு அங்கேயே இருக்கட்டும், விடியப் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று கேற்றைப் பூட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவர் களைத்து வந்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அதைப் பற்றிக் கதைக்கச் சந்தர்ப்பம் வரவில்லை.

திங்கள் விடிய ஐந்தரைக்கு அவர் திறப்பைத் தேடிச் சேட்டுப் பையைத் தடவினார். சேட்டு கொடியில் ஈரமாகத் தொங்கியது. வானுக்குள் எட்டிப் பார்த்தார். பூட்டில் செருகியபடி, சந்தனம் வழிந்து காய்ந்து, புதுத் திறப்பு நின்றது. திருகினார், அசையவில்லை. இழுத்தார், வெளியேயும் வரவில்லை. ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டினார். நெற்றியில் வியர்த்தது. கைத்தொலைபேசி அடித்தது. தர்சிகா டீச்சர். அவர் எடுக்கவில்லை.

தவமலர் தேத்தண்ணியோடு வந்தாள்.

"இஞ்சருங்கோ, புதுத் திறப்பெண்டு நேற்று வடிவா வைச்சு விட்டனான். பார்த்தனீங்களோ?"

"பார்த்தன்," என்றார் பாக்கியரத்தினம். பிறகு வேறு வழியில்லாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முழுவதையும் சொன்னார். திங்கட்கிழமைகளைச் சொன்னார். ஸைனுலாப்தீனின் கடதாசியைச் சொன்னார். இரண்டு திறப்பையும் சொன்னார். சொல்லி முடித்தபோது தேத்தண்ணியில் ஆடை படர்ந்திருந்தது.

தவமலர் கோப்பையை வான் படியில் வைத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

"எண்ணெயே விட்டனீங்கள்?"

"ஓம்."

"சந்தனக் கல்லை நான் என்னத்தால கழுவுறனான்? எண்ணெயாலயோ? ஒருநாள் என்னட்டக் கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன்."

உள்ளே போனவள் சுடுதண்ணீரும் பேரனுக்கு மருந்து பருக்கும் ஊசிக்குழலும் கொண்டுவந்தாள். அவரைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, திறப்புக்கும் பூட்டுக்கும் நடுவே துளித்துளியாகத் தண்ணீரைச் செலுத்தினாள். மஞ்சள் தண்ணீர் ஸ்டியரிங் அடியால் வழிந்து அவருடைய காலில் சொட்டியது. இன்னும் விட்டாள், துடைத்தாள், திரும்பவும் விட்டாள். வீட்டுக் கல்லைக் கழுவுகிற அதே பொறுமை. ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் திறப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதைக் கழுவி, முந்தானையால் துடைத்து அவளே திரும்பப் போட்டாள்.

"இப்ப திருப்புங்கோ."

வான் இரைந்தது. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் கேற்றைத் திறக்கப் போய்விட்டாள்.

வழி நெடுக டீச்சர்மார் எல்லோரும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பாக்கியரத்தினம் பாலத்தில் மட்டும் மெதுவாகப் போனார், மற்ற இடங்களில் போகவில்லை. பள்ளிக்கூட வாசலில் வான் நிற்க முன்னமே தர்சிகா டீச்சர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். எட்டுப் பேரும் ஓடினார்கள். அதிபர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். கோடு கடைசியாகக் கையெழுத்துப் போட்ட தர்சிகா டீச்சரின் பெயருக்குக் கீழேதான் விழுந்தது. பின்னேரம் வானில் ஏறும்போது டீச்சர் இராகுலனின் பெயரை எடுக்கவில்லை. "நாளைக்கும் அதே நேரம்தானே அண்ணை?" என்று மட்டும் கேட்டார்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார் பாக்கியரத்தினம். தவமலர் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். எட்டுப் பேரும் கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போட்ட கதையைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தினை கிழமையா வேற திறப்பால ஓடினனீங்கள்?"

"ரெண்டு... மூண்டு கிழமை."

"மூண்டு கிழமை நீங்கள் சும்மா போய் வந்திருக்கிறீங்கள். நான் ஒண்டும் தெரியாமல் நிம்மதியாப் படுத்து நித்திரை கொண்டிருக்கிறன்."

ஒன்றும் நடக்கவில்லைத்தானே என்ற பதில் அவருடைய நாக்கு நுனி வரை வந்தது. நல்லகாலம், சொல்லவில்லை. அன்றிரவு பக்கத்தில் குறட்டை கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. ஓட்டத்தைக் காப்பாற்றியாகிவிட்டது. எதற்காக இத்தனை கள்ள வேலை செய்தாரோ அது மட்டும் போய்விட்டது. புதன், வியாழன் இரண்டு நாளும் அவருக்கும் நித்திரை வரவில்லை.

வெள்ளி பின்னேரம் வழக்கம்போல விளக்கு வைத்தாள். சந்தனம் உரைக்கும் சத்தம் கேட்டது. பாக்கியரத்தினம் இரண்டு திறப்பையும் எடுத்துக்கொண்டு போய், அவளுக்கு முன்னால் தட்டில் வைத்தார். அவள் இரண்டையும் எடுத்து, ஈரம் படாமல், திரும்பவும் அவருடைய சேட்டுப் பைக்குள் போட்டாள்.

"குனியுங்கோ."

அவர் குனிந்தார். அவள் விரலில் எடுத்த சந்தனத்தை அவருடைய நெற்றியில் அழுத்தி வைத்தாள். அதன் நடுவில் குங்குமம் இட்டாள்.

"இதுக்கு இன்னொண்டு வெட்ட ஏலாதுதானே," என்றாள்.