ஊருக்கெல்லாம் ஒரே திறப்பு

என் கூடப்பிறந்த ராத்தா றாபியா அழுதால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழவைத்தவன் யாரென்று தேடிப் போய்ச் சண்டை பிடிக்கத் தோன்றும். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மருதமுனையில் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து அழுதுகொண்டிருந்தாள். சண்டை பிடிக்க அங்கே ஆள் இல்லை. பாஸ்வேர்ட் பிழை என்று திரையில் சிவப்பாக ஒரு வரி மட்டும் இருந்தது.

யுத்தம் முடிந்த வருஷம் அது. சோதனைச் சாவடிகளைக் கழற்றிய கையோடு எங்கள் பக்கத்து வீடுகளுக்கும் இன்டர்நெட் லைன் இழுத்தார்கள். மச்சான் ஸஹீத் கட்டாரில் லொறி ஓட்டுகிறவர். மனைவியின் முகத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டுமென்று அவளுக்கு ஒரு கம்பியூட்டரும் வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கல்முனை பஸாரில் சொந்தமாகக் கொமினிகேசன் கடை இருக்கிறது. போன், போட்டோ கொப்பி, இன்டர்நெட் எல்லாம் அங்கே உண்டு. ஆகவே குடும்பத்தில் எந்த வீட்டுக் கம்பியூட்டர் முரண்டு பிடித்தாலும், "ஜெனூபாவக் கூப்பிடுங்க" என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

"இண்டைக்குக் காலத்தால உண்ட மச்சான் கோல் எடுத்தாரு," என்றாள் ராத்தா. "நான் ஏதோ ஆபத்துல இரிக்கனாம், உடன காசு அனுப்பச் சொல்லி அவருக்கு மெயில் போட்டிருக்கனாம். இங்கிலீசுல. நான் எங்க புள்ள இங்கிலீசு கண்டன்?"

"மச்சான் அனுப்பிட்டாரா?"

"இல்ல. டியர் எண்டு தொடங்கி இரிந்திச்சாம். நீ என்ன ஒரு நாளும் அப்பிடிக் கூப்பிட்டதில்லையே, அதுலயே கள்ளன் பிடிபட்டுட்டான் எண்டு சிரிக்காரு."

எனக்கும் சிரிப்பு வந்தது. ராத்தா சிரிக்கவில்லை.

"காசு கிடக்கட்டும் புள்ள. அஸ்மிட போட்டோவெல்லாம் அதுக்குள்ளதானே இரிக்கி."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அஸ்மி அவளுடைய ஒரே பிள்ளை. சுனாமியில் போனான். இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்காத வயது. வீட்டோடு போட்டோ அல்பங்களும் போய்விட்டன. மிஞ்சியவை அந்த வருஷத்து ஹஜ்ஜுப் பெருநாளில் எடுத்த படங்கள் மட்டும். மச்சானின் கூட்டாளி ஷரிபுதீன் அப்போது லீவில் வந்திருந்தார். புது டிஜிட்டல் கமராவால் பிள்ளையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, பஸாரில் ஒரு இன்டர்நெட் கடையில் வைத்து ராத்தாவின் பெயரில் ஒரு மெயில் கணக்கும் திறந்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அந்தக் கமராவும் தொலைந்துபோனது. மச்சானுக்கு மகனைப் பார்க்க ஆசை வந்தால் அவரும் அந்தக் கணக்கைத் திறந்துதான் பார்ப்பார். கொப்பி எடுத்து வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வராத இடம்தானே என்று நம்பியிருந்தோம்.

இப்போது கள்ளன் உள்ளே புகுந்து பாஸ்வேர்ட்டை மாற்றியிருக்கிறான். காசு கிடைக்காத ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்தானென்றால், என் ராத்தா பிள்ளையை இன்னொரு தடவை பறிகொடுக்க வேண்டும்.

"பாஸ்வேர்ட்ட ஆருக்குச் சொன்னீங்க?"

"வல்லாஹி, சத்தியமா உண்ட மச்சானத் தவிர ஒருத்தருக்கும் சொல்லல்ல."

"பரிசு விழுந்திரிக்கி, கணக்க மூடப்போறம் எண்டு ஏதாவது வந்து, அதுக்குள்ள எழுதினீங்களா?"

"நீ ஏசினதுக்குப் பிறகு அப்பிடி ஒண்டையும் நான் திறக்கிறதே இல்ல."

"அப்ப என்ன பாஸ்வேர்ட் அது? போனதுதானே, இனிச் சொல்லுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த நாள்தான். திகதி, மாசம், வருஷம். ஷரிபுதீன் போட்டுத் தந்தது அடிக்கடி மறந்து போகுது எண்டு நான்தான் மாத்தினன். இது மறக்காதே."

என் கடையில் மெயில் திறக்கிறவர்களின் விரல்கள் என் கண்ணுக்குள் வந்தன. நெசவுத் தறி வைத்திருக்கும் மீராமுகைதீன் காக்கா, பாண்டிருப்பு சுஜித்தா ரீச்சர், எல்லாருடைய விரல்களும் மேல் வரிசைக்கு, இலக்கங்களுக்குத்தான் ஓடும். தினமும் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. முஸ்லிம், தமிழ் என்ற பேதம் இல்லாமல் இந்தக் கரை முழுக்க ஒருவராலும் மறக்க முடியாத நாள், கடல் வந்த அந்த நாள் ஒன்றுதான். ஊருக்கெல்லாம் ஒரே திறப்பு, எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. கள்ளனுக்குப் பெரிய மூளை எதற்கு? இந்தப் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்தால் போதும். என்னுடையதும் அதேதான் என்பதை மட்டும் ராத்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் குடும்பத்தில் என் மரியாதை என்னாவது?

"விடுங்க, எடுப்பம்," என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கான இடத்தை அழுத்தினேன். கணக்குத் திறந்த அன்று ஷரிபுதீன் பதிந்து வைத்த இரகசியக் கேள்வி வந்தது. கள்ளன் அதை மாற்றவில்லை. அரைகுறைக் கள்ளன் என்று சந்தோசப்பட்டேன். உங்கள் வளர்ப்புப் பிராணியின் பெயர் என்ன என்பது கேள்வி.

"நாம எங்க பிராணி வளர்த்த?" என்றாள் ராத்தா. "ஒரு பூனை கூட இல்லையே."

எதையாவது அடித்துப் பார் என்றாள். நான் கையை எடுத்துவிட்டேன். பிழையாக அடித்துக்கொண்டே போனால் இந்தக் கதவும் பூட்டிக்கொள்ளும்.

"பதறாதீங்க ராத்தா. கணக்குத் திறந்த அண்டைக்கு வீட்டுல என்னென்ன நடந்த? ஒண்டும் விடாமச் சொல்லுங்க."

இத்தனை வருஷமும் அவள் மகனின் கடைசி நாளை மட்டும்தான் கதைத்தாள். இப்போது பெருநாளைக் கதைத்தாள். புதுச் சட்டைக்கு அவனே பொத்தான் மாற்றிப் போட்டது, ஆறுமுன் வட்டிலப்பத்துக்குள் விரலை விட்டு நாக்கையும் சுட்டுக்கொண்டது, குர்பானுக்கு அறுக்க வாங்கிய ஆட்டைப் பின்வளவில் முருங்கை மரத்தில் கட்டியது. அதோடு சட்டென்று நிறுத்தினாள். கண்ணால் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"கொண்டக்டர்," என்றாள்.

"ஆரு?"

"அந்த ஆடு புள்ள. விடியுமட்டும் கத்தினது. அக்கரைப்பற்று பஸ் கொண்டக்டர் மாதிரிக் கத்துது எண்டு அஸ்மிதான் பேரு வெச்சான். கணக்குத் திறக்கக்குள்ள என்ட மடியில இரிந்தவன், ஷரிபுதீன் கேள்வி கேக்க முந்தி இவன் குறுக்கால விழுந்து சொல்லிட்டான்."

அடித்தேன். திறந்தது. ஒரு படமும் போகவில்லை. முதல் படத்தில் அஸ்மி ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேருமே வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கேள்வியையும் மாற்றி, படங்களையெல்லாம் சீடியில் இறக்கினேன். ஒன்று அவளுக்கு, இன்னொன்று என் கடை அலுமாரிக்கு. பிறகு பாஸ்வேர்ட் போடும் இடத்தைக் காட்டினேன்.

"அந்த நாள் மட்டும் வேணாம் ராத்தா."

அவள் விரல் இலக்கங்களுக்கு மேலேயே நின்றது. "மாத்தினா அவன மறந்த மாதிரி இரிக்காதா?"

அவள் திரையில் நின்ற மகனை வெகுநேரம் பார்த்தாள்.

"அது அவன் மவுத்தான நாள். அது ஊருக்கே தெரியும்," என்றாள். "அங்கால திரும்பு புள்ள."

சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். விசைகள் ஒவ்வொன்றாக, ஆறுதலாக விழுந்தன. நடுவில் ஒரு தடவை அவள் தனக்குள் சிரித்தது கேட்டது.

வீட்டுக்குப் போகுமுன் கடையைத் திறந்து, முதலில் என்னுடைய பாஸ்வேர்ட்டை மாற்றினேன். சுனாமி வந்த திகதியை ஒருவரும் பாஸ்வேர்ட்டாக வைக்க வேண்டாம் என்று மட்டையில் பெரிதாக எழுதி வாசலில் தொங்கவிட்டேன். அடுத்த நாள் வந்து வாசித்த மீராமுகைதீன் காக்கா, "உனக்கு எப்பிடிடி தெரியும்?" என்று முறைத்தார். முறைத்துவிட்டு உள்ளே போய் மாற்றினார்.

ஸஹீத் மச்சானுக்குத்தான் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோல் எடுத்துப் புதுப் பாஸ்வேர்ட்டைக் கேட்டு நச்சரித்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

"படமெல்லாம் உங்களுக்கு அனுப்பி வெக்கன், ஆசை தீரப் பாருங்க," என்றாள் ராத்தா. "மத்தது எனக்கும் மகனுக்கும் உள்ள கதை."