இன்று செய்த வேலை

மாணவர் சங்கச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி அவளுக்கே மறுநாள்தான் தெரிந்தது. தேர்தல் அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வர, பாதி வகுப்பில் எழுந்து போயிருந்தாள். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள். செயலாளர் பதவிக்கு ஒருவரும் மனுப் போடவில்லை. எழுத்து வேலை நிறைய, கைதட்டல் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரோ அவளைச் சொல்ல, இருந்தவர்கள் கை தூக்கிவிட்டார்கள். கையெழுத்து அழகாக இருக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

முப்பத்திரண்டு வயதில் மின்வேலைப் பிரிவில் முதலாண்டு சேர்ந்தவள் அவள். பள்ளியோடு படிப்பு நின்றவர்களுக்கும், பட்டப்படிப்புக்குப் போக வழியில்லாதவர்களுக்கும் தொழில் கற்றுக்கொடுக்கிற கல்லூரி அது. கூடப் படித்தவர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. அதனால் கல்லூரியில் எல்லோருக்கும் அவள் அக்கா. வீட்டிலோ சின்னவள். வேலைக்கென்று வெளியூர் போன கணவன் போனவன் போனவனாகவே இருந்துவிட, ஏழு வயது மகளோடு தன் அக்கா வீட்டு மாடி அறைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. “வீட்டுல சும்மா உக்காந்தா மனசுதான் கெடும், ஒரு தொழில் படி” என்று விண்ணப்பம் வாங்கி வந்தது அத்தான். பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். மோட்டார் பம்பு செய்யும் தொழிற்சாலையில் அவர் மேற்பார்வையாளர்.

சங்கத்துக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பாதி இடத்தைப் பழுதான மின்விசிறிகள் பிடித்துக்கொண்டிருந்தன. கதவருகே மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். தலைவர், குழாய் வேலைப் பிரிவில் இரண்டாமாண்டு. ஒலிபெருக்கி இல்லாமலே மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும் தொண்டை என்பதால் அவனுக்கு ‘மைக்’ என்று பெயர் விழுந்திருந்தது. அந்த அறைக்குள் அவன் பேசினால் விசிறி இறக்கைகள் அதிர்ந்தன.

செய்முறைத் தேர்வு முடிந்த மறுநாள் மின்வேலை இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் அங்கே வந்தான். உயரமானவன். அறைக்குள் தலையைக் குனிந்துதான் நிற்க முடிந்தது. அது அவன் இருந்த நிலைக்கும் பொருந்தியது. தேர்வில் மோட்டார் ஸ்டார்ட்டர் இணைப்புக் கொடுக்கச் சொன்னார்களாம். அவனுக்குத் தெரியவில்லை. தேர்வாளர் அவனுடைய பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டியிருக்கிறார். தொழிற்சாலைப் பயிற்சியில் பதினோரு முறை ஸ்டார்ட்டர் இணைத்ததாக அதில் எழுதி, மேற்பார்வையாளர் கையெழுத்தும் இருந்தது. பொய் சொல்கிறவன் என்று முடிவு கட்டி, அவர் தோல்வி போட்டுவிட்டார்.

“நீ எழுதுனதுதானே?” என்று அவள் கேட்டாள்.

“நான் எழுதுனதுதான்க்கா. அப்படி எழுதுனாதான் கையெழுத்துப் போடுவாங்க. நாலு மாசமும் நான் அட்டைப்பெட்டிதான் ஒட்டுனேன்.”

“ஸ்டார்ட்டரத் தொடவே இல்லையா?”

“பெட்டிமேல படம் போட்டிருக்கும். அதப் பாத்திருக்கேன்.”

மைக் சிரிக்கவில்லை. “நான் முதலாளி வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துனேன்,” என்றான். “கேட்டா, அதுவும் குழாய் வேலைதானேன்னாங்க.”

அவன் அன்றைக்கே கல்லூரி வாசலைப் பூட்டிக் கதவடைப்புப் போராட்டம் என்றான். அவளோ தாள் எடுத்தாள். பயிற்சி முடித்து வந்த அறுபத்துமூன்று பேரிடமும், குறிப்பேட்டில் இருப்பது என்ன, உண்மையில் செய்தது என்ன என்று எழுதி வாங்க வேண்டும் என்றாள். பத்து நாள் ஆனது. நாற்பத்தொரு பேர் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சான்றிதழ் கைக்கு வராமல் போய்விடுமோ என்ற பயம். தையல் பிரிவுப் பெண் ஒருத்தி நான்கு மாதமும் நூல் பிசிறு வெட்டியிருந்தாள். பற்றவைப்புப் பிரிவுக்காரன் ஒருவன் வாசலில் வண்டி எண் குறித்திருந்தான்.

எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, குறிப்பேடுகளோடு ஒப்பிட்டு எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். கடைசி எழுத்தின் வால் இடப்பக்கம் சுழித்து, பெயருக்கே அடிக்கோடு போட்டதுபோல ஓடும். நாற்பத்தொன்றில் பதினேழில் அது இருந்தது. உயரமானவனின் குறிப்பேட்டிலும் இருந்தது.

அது அத்தானுடையது என்பதை அவள் மைக்கிடம் மறைக்கவில்லை. அவன் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை அதுவே பெரிய விஷயம்.

“அந்தப் பதினேழ எடுத்துட்டுக் குடுத்துடலாமாக்கா?”

“எடுத்தா மிச்சம் இருபத்திநாலு. அறுபத்துமூணுல இருபத்திநாலு பேர்தானேன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தான் செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியில். அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, கூடத்துக் கதவில் சாய்ந்து நின்றாள்.

“அத்தான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“பயிற்சிக்கு வந்த பசங்க குறிப்பேடு பதினேழுல உங்க கையெழுத்து இருக்கு. அதுல எழுதியிருக்குற வேலை எதையும் அவங்க செய்யல.”

அவர் அடுத்த விரலுக்குப் போனார். “பதினேழுதானா? முப்பதுக்கு மேல போட்டிருப்பேன்.”

“படிச்சுப் பாத்துதான் போட்டீங்களா?”

“வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒரு கட்டு வந்து மேசைல விழும். வெளிய சரக்கு ஏத்த வண்டி நிக்கும். அதப் பாப்பேனா, இதப் படிப்பேனா?” என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, “பேக்கிங்குக்கு ஆள் எடுக்க மாட்டாங்க. பயிற்சிப் பசங்கள அங்க அனுப்புன்னு மேல சொல்வாங்க. அனுப்புவேன்,” என்றார்.

“புதன்கிழமை ஆலோசனைக் குழுவுல இத வைக்கப் போறோம்.”

வெட்டிய நகங்களைத் தாளோடு சேர்த்து மடித்தார். “என் பேரோடயா?”

“ஆமா. உங்களுக்கு முன்னாடியே சொல்லிடணும்னு நெனச்சேன்.”

“சொல்லிட்ட. சொல்லிட்டா சரியாப் போச்சுன்னு நெனைக்கிறியா?”

அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியோடு வந்தாள். “உன்ன அந்தக் காலேஜுல சேத்துவிட்டது யாருன்னு ஞாபகம் இருக்காடி?”

“இருக்குக்கா.”

“இருந்தா சரி,” என்று அக்கா திரும்பிப் போனாள். அன்று மதியச் சாப்பாடு நான்கு தட்டுகளில் பரிமாறப்பட்டது. மகள் மட்டும் பேசிக்கொண்டே சாப்பிட்டாள்.

ஆலோசனைக் குழு என்பது முதல்வர், ஆசிரியர் இருவர், பயிற்சி தரும் நிறுவனங்களின் ஆட்கள் மூவர். மாணவர் சங்கத்துக்கும் இரண்டு நாற்காலி உண்டு. பேசலாம், வாக்களிக்க முடியாது. முதல்வர் கெட்டவர் இல்லை. தாள்களைப் புரட்டிவிட்டு, “கைத்தொழில் படிக்கிறவங்க கொஞ்சம் எடுபிடி வேலையும் செய்யத்தான் வேணும். நான் பட்டறைல சேந்தப்போ முதல் வருஷம் பூரா பெருக்கினேன்,” என்றார்.

“பெருக்கினேன்னு எழுதச் சொன்னாங்களா சார், இல்ல கடைசல் புடிச்சேன்னு எழுதச் சொன்னாங்களா?” என்று மைக் கேட்டான். அவன் மெதுவாகக் கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டான். தாழ்வாரத்தில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பம்பு தொழிற்சாலையின் பணியாளர் மேலாளரும் வந்திருந்தார். பதினேழு தாள்களையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, “இது எங்க கவனத்துக்கு வரவே இல்ல. மேற்பார்வையாளர் பொறுப்பில்லாமக் கையெழுத்துப் போட்டிருக்கார். அவர்மேல நடவடிக்கை எடுத்துடுறோம்,” என்றார். முதல்வர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வந்த வேலை முடிந்தது என்பதுபோல மற்ற இரு நிறுவன ஆட்களும் பேனாவை மூடினார்கள்.

இவ்வளவு எளிதாக ஒரு மனிதரைத் தூக்கி மேசைமேல் வைப்பார்கள் என்று அவள் எண்ணவில்லை. அவர் தன் அத்தான் என்பது அங்கே மைக்கைத் தவிர யாருக்கும் தெரியாது.

“நாங்க ஆளக் கேக்கல சார்,” என்றாள். “பயிற்சிக்கு வர்றவங்க எந்தப் பிரிவுக்குப் போகணும்னு யார் முடிவு பண்றாங்க?”

“உற்பத்தித் தேவையப் பொறுத்து நிர்வாகம் முடிவு பண்ணும்,” என்றார் மேலாளர்.

“மேற்பார்வையாளர் இல்ல?”

“அவர் எப்படி முடிவு பண்ண முடியும்?”

“அத நடவடிக்கைக் குறிப்புல எழுதிக்கலாமா?”

மேலாளர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து மீண்டும் கூடலாம், மாணவர்கள் இப்போது மாற்றிச் சொல்வதற்கு வேறு ஆதாரம் இருந்தால் கொண்டுவரட்டும் என்று முடிந்தது.

வெளியே வந்ததும் மைக், “இப்பவாவது கதவடைப்பு?” என்றான்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது அணி, ஐம்பத்தெட்டு பேர், அப்போது தொழிற்சாலைகளில் பயிற்சியில் இருந்தார்கள். குறிப்பேட்டில் ‘இன்று செய்த வேலை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நாளை முதல் உண்மையை எழுதச் சொன்னால் என்ன என்று கேட்டாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“கையெழுத்துப் போட மாட்டாங்களேக்கா.”

“போடலன்னா அது அவங்க பாடு. பொய்யா எழுதுறது நம்ம கையாலதானே. அத நிறுத்துவோம்.”

ஐம்பத்தெட்டு பேரையும் பிடிப்பதற்குள் மைக்கின் குரலே கம்மிப்போனது. நாற்பத்தொன்பது பேர் சம்மதித்தார்கள். வார முடிவில் குறிப்பேடுகள் நிரம்பின. ‘இன்று இருநூற்று நாற்பது பெட்டி ஒட்டினேன்.’ ‘இன்றும் அதே.’ ‘மேலாளர் வண்டி கழுவினேன். பிறகு தேநீர் வாங்கி வந்தேன், இரண்டு தடவை.’ ஒருவன் ‘இன்று மழை, வேலை இல்லை, சுவரில் இருந்த மின்பெட்டியைத் திறந்து பார்த்தேன், திட்டினார்கள்’ என்று எழுதியிருந்தான். பெரும்பாலான நிறுவனங்கள் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பின. கையெழுத்து இல்லாத குறிப்பேட்டைக் கல்லூரி ஏற்காது. ஏற்காவிட்டால் சான்றிதழ் கிடையாது. ஐந்து மாணவர்கள் பயந்து பழையபடி எழுதப் போய்விட்டார்கள். இரண்டு தாய்மார்கள் கல்லூரிக்கு வந்து, என் பிள்ளை எதிர்காலத்தோடு விளையாடாதே என்று அவளிடம் கெஞ்சினார்கள். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர்களைவிடத் தனக்கு நம்பிக்கை அதிகம் என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பம்பு தொழிற்சாலையிலிருந்து ஒன்பது குறிப்பேடுகள் வந்தன. ஒன்பதிலும் பெட்டிக் கணக்கு அப்படியே இருந்தது. அதன் கீழே, வால் சுழித்த கையெழுத்து, நாள்வாரியாக. ஒரு பக்கத்தில் இருநூற்றுப் பத்து என்றிருந்ததை அடித்து நூற்றுத் தொண்ணூறு என்று திருத்தியும் இருந்தார். இந்த முறை படித்திருக்கிறார்.

அன்று வீட்டுக் கூடத்தில் அத்தான் அவள் மகளுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இவள் மாடிப்படி ஏறுகையில் தலையைத் தூக்கி ஒரு முறை பார்த்தார். கோபம் மாதிரியும் தெரியவில்லை, மன்னித்த மாதிரியும் தெரியவில்லை.

ஆலோசனைக் குழு மறுபடி கூடியது. மாணவர்கள் எழுதியது, நிறுவனத்தின் மேற்பார்வையாளர் சரிபார்த்துத் திருத்திக் கையெழுத்திட்டது, இதைவிட என்ன ஆதாரம் என்று கேட்க அவள் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஆசிரியர்களில் ஒருவரே கேட்டார். நிறுவனங்களின் ஆட்கள், பயிற்சியே தராமல் விலகிக்கொள்வோம் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒரு நிறுவனம் விலகவும் செய்தது. கடைசியில் மூன்று முடிவுகள். எந்தப் பிரிவில் என்ன வேலை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்து, நிறுவனம் கையெழுத்துப் போடாத குறிப்பேடுகளில் தாமே கையெழுத்திட வேண்டும். செய்முறையில் தோற்றவர்களுக்குக் கல்லூரிப் பட்டறையிலேயே ஆறு வாரம் பயிற்சி தந்து மறுதேர்வு. வாக்குரிமை மட்டும் கிடைக்கவில்லை. அதை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார் முதல்வர்.

அத்தானை அந்த மாதமே கிடங்குக்கு மாற்றினார்கள். பதவிப் பெயர் அதேதான். மேற்பார்க்க ஆள்தான் யாரும் இல்லை. அக்கா தங்கையோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு இருக்கிறது, குழம்பு இருக்கிறது என்பதைக்கூடத் தங்கை மகளிடம் சொல்லி அனுப்பினாள். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, கல்லூரிக்குப் பின்தெருவில் அவள் ஓர் அறை பிடித்தாள். மாலையில் வயரிங் கடை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. சாமான் ஏற்ற அத்தான்தான் வண்டி கொண்டுவந்தார்.

கட்டிலைப் பிடித்து இறக்கும்போது, “உங்களுக்கு என்னால கெடுதல்தான் அத்தான்,” என்றாள்.

“கிடங்குல உக்கார நாற்காலி இருக்கு,” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “உங்கக்கா வருவா. நாளாகும். நீ வந்து நிக்காத, அவளே வரட்டும்,” என்றார்.

உயரமானவன் கல்லூரிப் பக்கமே வராமல் இருந்தான். மறுதேர்வுப் பயிற்சிக்கான படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் தேடிப் போனபோது, ஒரு டயர் கடையில் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தான். படிவத்தை வாங்கிப் பார்த்தான். கை கறுப்பாக இருந்ததால் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தான்.

“ஆறு வாரமாக்கா?”

“காலைல மூணு மணி நேரம்தான்.”

“முதலாளிகிட்டக் கேக்கணும்.” உள்ளே திரும்பிப் பார்த்தான். “கேட்டா விட மாட்டாரு. கேட்டுப் பாக்குறேன்.”

முதல் இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள், வகுப்பு தொடங்கி அரை மணி கழித்து, பட்டறை வாசலில் வந்து நின்றான். ஆசிரியர் தலையசைத்தார். அவன் உள்ளே போய், ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றத் தொடங்கினான்.