தோட்டைக் கழற்றாத நோயாளி

"தோடு, சங்கிலி எல்லாத்தையும் கழட்டிடுங்க. தாடையை இந்தத் தாங்கில வைங்க. எச்சில்கூட முழுங்கக் கூடாது."

அந்தப் பல் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள் எக்ஸ்ரேக்காரம்மா. நோயாளி அசையாமல் நிற்க, கருவி தலையைச் சுற்றி வரும். தாடை முழுவதும் ஒரே படமாக விழும். ஊரில் பாதிப்பேரின் பல்வரிசை அவளுக்கு அத்துப்படி. கடைத்தெருவில் யாராவது சிரித்தால், ஆளின் பெயருக்கு முன்னால் கடைவாய்ப்பல்தான் ஞாபகத்துக்கு வரும். அவளுடைய பல்லை மட்டும் யாரும் படம் எடுத்ததில்லை.

அந்த அறைக்கு அண்மையில் ஒரு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்தான். எக்ஸ்ரேயைக் காட்டினால் போதும், நோய் இருக்கும் இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டுவிடும். அதற்கென்று புதுக் கம்ப்யூட்டர், புது ஏசி, தூசி படாமலிருக்க ஒரு போர்வை. "வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் கிடையாது" என்று அவள் சொல்லப்போக, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அவளுக்குக் கொஞ்ச நாளாகவே இடது தாடையில் ஒரு கனம். வலி என்று சொல்ல முடியாது. வலப்பக்கமாகவே மென்று சமாளித்துக்கொண்டிருந்தாள். மாமியாரின் கண் ஆபரேஷன் முடியட்டும் என்றிருந்தாள், அது முடிந்தது. உடனே மகளின் பரீட்சை வந்தது. அவளுடைய முறை மட்டும் வருவதாகவே இல்லை.

ஒருநாள் டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்தபோது மனசு கேட்கவில்லை. வரவேற்பறைப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"நான் நிக்கறேன். நீ வெளியில இருந்து பட்டனை அமுக்கு."

கம்ப்யூட்டர் பெயர் கேட்ட இடத்தில் 'சோதனை' என்று அடித்துவிட்டு, யாராவது வந்துவிடப் போகிறார்களே என்ற பதற்றத்தில் போய் நின்றாள். படம் விழுந்தது. மாப்பிள்ளை சற்று யோசித்துவிட்டு, இடது தாடையில் பெரிதாக ஒரு சிவப்புக் கட்டம் போட்டார். 'கட்டி இருக்கலாம். மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்' என்றது திரை. அவள் அவசரமாகத் திரையை அணைத்தாள்.

"இதைப் பத்தி வாயைத் திறந்தே, பாரு!"

"பல் ஆஸ்பத்திரியில வந்து வாயைத் திறக்காதேங்கறீங்களேக்கா!" என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் காலையிலேயே டாக்டரம்மாவின் கண்ணில் அந்தப் படம் பட்டுவிட்டது.

"யாரு அக்கா இந்த 'சோதனை'ங்கறது?"

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க டாக்டர். பேரை அடிக்க விட்டுப்போச்சு."

"முதல்ல அவங்களை வரச்சொல்லுங்க. புதைஞ்ச ஞானப்பல்லைச் சுத்திக் கட்டி மாதிரி தெரியுது, எலும்பை அரிச்சுக்கிட்டிருக்கு. இப்படியே விட்டா, ஒருநாள் கெட்டியா எதையாவது கடிக்கும்போது தாடையே ஒடிஞ்சாலும் ஒடியும். இப்பவே எடுத்துட்டாப் பொழைச்சுக்கலாம்."

அடுத்த நாளும் கேட்டார். "என்னக்கா, வந்தாங்களா?"

"பொண்ணுக்குப் பரீட்சையாம் டாக்டர். முடிஞ்சதும் வர்றாங்களாம்."

"என்ன பொம்பளை அவங்க! பரீட்சையை அவங்களா எழுதப்போறாங்க?"

"அதானே!" என்று அவளும் சேர்ந்து அலுத்துக்கொண்டாள். இராத்திரி படுக்கையில், தன்னைத் தானே திட்டிவிட்டு வந்ததை நினைத்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுப் பக்கம் மஞ்சளில் இன்னொரு கட்டம், அருகே ஒரு கேள்விக்குறி.

"மாப்பிள்ளைக்கு இது என்னன்னே புரியலை, சந்தேகம்னு போட்டு வச்சிருக்கார். இது தோடுக்கா! தோட்டைக் கழட்டாம படம் எடுத்திருக்கீங்க. நீங்களா இப்படி?"

இலை வடிவத் தோடு. நுனி கொஞ்சம் மடங்கியிருந்தது. டாக்டரம்மாவின் பார்வை திரையிலிருந்து மெல்ல நகர்ந்து எக்ஸ்ரேக்காரம்மாவின் காதுக்கு வந்து நின்றது. அவள் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது.

"வலியே இல்ல டாக்டர்..."

"வலி இல்லைன்னா நோய் இல்லைன்னு அர்த்தமில்லன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றது யாருக்கா?" டாக்டரம்மா பல் பார்க்கும் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. வாயைத் திறங்க."

விரலால் தடவிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். மாப்பிள்ளை சொன்னது சரிதான். உடனே அவள் கணவருக்குப் போன் பறந்தது. அவர் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு ஒருவரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். சட்டையெல்லாம் முடி.

"ஊருக்கே பல்லைக் காட்டுன்னு சொல்றே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"பரீட்சை முடியட்டும்னுதாங்க..."

"பரீட்சை போனா அடுத்த வருஷம் வரும். நீ போனா வருவியா?"

அவர் அதட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று காலை அவரே தோட்டின் திருகைக் கழற்றினார். கல்யாணமான புதிதில் அவர் வாங்கிக் கொடுத்தது. அதைத் தன் சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகள் பரீட்சை எழுதிவிட்டு நேராக அம்மாவிடம் வந்து, "நல்லாவே எழுதியிருக்கேம்மா, நீ முதல்ல கஞ்சியைக் குடி" என்றாள்.

கன்னத்தில் லேசான வீக்கத்தோடு அவள் வேலைக்குத் திரும்பிய வாரம், ஒரு பெண்ணின் படத்தில் சிவப்புக் கட்டம் விழுந்தது.

"வீட்டுல வேலையெல்லாம் ஒரு வழிக்கு வரட்டும்மா. அடுத்த மாசம் வந்து காட்டறேன்" என்று அந்தப் பெண் பையை எடுத்தாள்.

எக்ஸ்ரேக்காரம்மா அந்தப் பையை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தாள்.

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். இந்தக் கம்ப்யூட்டர் நோய் எங்க இருக்குன்னு காட்டும். அது சரியான்னு பார்க்க டாக்டரம்மா இருக்காங்க. ஆனா பல் பார்க்கிற நாற்காலிக்கு நம்ம கால்லதான் நாம நடந்து போகணும். வீட்டுல எல்லாரையும் பாத்துக்கறவ தன் உடம்பைக் கடைசியில வச்சா, அந்த வீட்டையே கடைசியில வச்ச மாதிரிம்மா. எழுந்திரிங்க, உள்ள போகலாம். நானும் கூட வர்றேன்."