அருளப்பன் வீட்டுக் கூடத்தில் கேப்பை அறுப்பு

மூன்று வருடங்களுக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்குத் திண்டுக்கல் மரியநாதபுரத்தில், அருளப்பன் வீட்டுக் கூடத்தில் கேப்பை விளைந்தது. கூடம் என்றால் டைல்ஸ் பதித்து, டிவி மாட்டிய, எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரியான கூடம்தான். அதில் சுவரிலிருந்து சுவர் வரைக்கும் இடுப்பளவு பயிர் நின்றது, கதிர் பிடித்தது, முற்றியது. அதே வாரம் மல்லிகைப்பூ கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டதால் ஊர் முழுக்க அந்தப் பேச்சாகவே இருந்தது. எங்கள் தெருவைத் தவிர வேறு யாரும் கேப்பையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவைக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது. இல்லையென்றால் பக்கத்துத் தெருக்காரர்கள் கதிர் மின்விசிறியை இடித்தது, கூடத்தில் ஏர் பூட்டி உழுதார்கள் என்று வாய்க்கு வந்தபடி அளந்துவிடுகிறார்கள். ஏரும் இல்லை, ஒன்றும் இல்லை. இடுப்பளவுதான்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கேப்பை போடுவது எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் புதுசில்லை. பண்டிகைக்கு நாலு வாரம் முன்பு தொடங்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று பழைய பிஸ்கட் தட்டிலோ கொட்டாங்குச்சியிலோ மண்ணைப் பரப்பிக் கொஞ்சம் தூவிவிட்டால், பண்டிகைக்குள் விரல் நீளத்துக்குப் பச்சை எழும்பும். மாதாவும் சூசையப்பரும் ஆட்டுக்குட்டிகளும் நிற்பதற்குப் புல்தரை ஆச்சு. பண்டிகை முடிந்ததும் யார் வீட்டு மாட்டுக்காவது போட்டுவிடுவார்கள். அதை யாரும் பயிர் என்று சொன்னதில்லை. அருளப்பன் மனைவி மலர்விழி மட்டும் அதைப் பயிராகத்தான் பார்த்தாள். நெய்க்காரப்பட்டி மூக்கையா மகள் வேறு எப்படிப் பார்ப்பாள்? அந்த வருடம் கடைக் கேப்பை வேண்டாம் என்று தன் அம்மா பழனியம்மாளிடம் போனில் ரகசியமாகச் சொல்லி, அப்பாவின் விதைப் பானையிலிருந்து ஒரு கைப்பிடி விதையைப் பழனி பஸ்ஸில் வந்த தெரிந்தவர் மூலம் வரவழைத்தாள். விதை போனது மூக்கையாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பானையையே கவிழ்த்துப் போட்டிருப்பார்.

ஏனென்றால் மூக்கையா மகளிடம் பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது. டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அருளப்பனைக் கட்டிக்கொண்டு அவள் மரியநாதபுரத்துக்கு வந்த அன்றைக்கே, அந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று குலசாமி பேரில் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. பேத்தி ஜோவிட்டா பிறந்தபோது வரவில்லை. ஞானஸ்நானத்துக்கும் காதுகுத்துக்கும்கூட வரவில்லை. அருளப்பன் சும்மா இருந்தானா என்றால், அதுதான் இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் கேக்கை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, ஒட்டன்சத்திரம், பழனி எல்லாம் தாண்டி மாமனார் வாசலில் போய் நிற்பான். மூக்கையாவுக்கு மரியாதையில் குறை வைக்கத் தெரியாது, அந்தப் பக்கத்து வளர்ப்பு அப்படி. "வாங்க, உக்காருங்க, மோர் குடிங்க," என்பார். மோர் குடித்து முடித்ததும், "நல்லபடியா போய்ட்டு வாங்க, நான் வரமாட்டனுங்க," என்பார். இவ்வளவு மரியாதையாக மூக்குடைபட்ட மருமகனை நம் ஜில்லாவில் வேறெங்கும் பார்க்க முடியாது. மலர்விழிக்கு நகை நட்டு எதிலும் ஆசை கிடையாது. அப்பா ஒரே ஒரு தடவை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அந்த டிசம்பரில் அதையும் விட்டுவிட்டாள். "இந்த வருசம் போக வேண்டாங்க. திரும்பி வாறப்ப உங்க மொகத்தப் பாக்க என்னால முடியறதில்லீங்க," என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, அப்பாவின் விதையைத் தட்டில் தூவித் தண்ணீர் தெளித்தாள். தெளிக்கும்போது அழுதாள் என்று எதிர்வீட்டு ஜெய்தூன் பீவி சொல்கிறார். அழுதிருப்பாள்தான்.

மறு ஞாயிறே பயிர் முழங்காலுக்கு வந்துவிட்டது. தட்டை உடைத்துக்கொண்டு வேர் டைல்ஸில் இறங்கியது. டைல்ஸும் சும்மா சொல்லக் கூடாது, நல்ல வண்டல் மாதிரி இடம் கொடுத்தது. அடுத்த வாரம் சோபாவைச் சுற்றி வளைத்துக்கொண்டு டிவியை மறைத்துவிட்டது. சாயங்காலமானால் கேப்பைக்குள்ளிருந்து சீரியல் பேசுவது மட்டும் கேட்கும். வாசலிலிருந்து அடுப்படிக்குப் போக மலர்விழி ஒற்றையடி வரப்பு ஒன்று விட்டாள். குடும்பம் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டது. கூடத்து மூலையில் அருளப்பனின் அப்பா சூசைமாணிக்கம் பனையோலை வேய்ந்து அருமையாக வைத்திருந்த குடில் ஒரே நாளில் காணாமல் போனது. அவர் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எது எந்தத் தடத்தில் போக வேண்டுமோ அந்தத் தடத்தில் போகவில்லையென்றால் அவருக்குத் தூக்கம் வராது. இருந்தாலும் ஜன்னல் வழியாகச் சிட்டுக்குருவிகள் வந்து கதிரில் உட்கார ஆரம்பித்ததும் அவர்தான் முதலில் பதறினார். கேரல் பாட வந்த பையன்கள் ஆட இடமில்லாமல் வாசலிலேயே ஆடிவிட்டுப் போனபோது, அவர்களிடம் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கேட்டு வாங்கி, ஒரு கம்பில் மாட்டி, சிவப்புச் சட்டை போட்டுப் பயிருக்கு நடுவில் நட்டுவைத்தார். குருவிகள் அதற்குப் பயந்தன. பங்குச்சாமியாரும் வந்து பார்த்துத் தீர்த்தம் தெளித்தார். நல்ல விளைச்சல்தான், ஆனால் கொஞ்சம் யூரியா கேட்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயி மகன்தான்.

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கதிர்கள் பழுத்துத் தலை சாய்த்துவிட்டன. இனியும் விட்டால் மணி உதிரும். உதிர்ந்தால் அன்றைக்கே மறுபடி முளைக்கும், ஏனென்றால் ஓரத்தில் உதிர்ந்த நாலு மணி மத்தியானத்துக்குள் முளைத்துக் காட்டிவிட்டது. சூசைமாணிக்கம் அரிவாளைத் தீட்டிக்கொண்டு வந்தார். மலர்விழி கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி நின்றாள்.

"ஏம்மா, சொந்தக்காரவுக வந்தா எங்கிட்டு உக்கார வைப்ப? கேப்பைக்குள்ளயா?"

"விதை எங்கப்பாவோடதுங்க மாமா. விதை யாருதோ, அவங்கதான் மொத அருவா வெக்கோணும். எங்கூட்டு வழக்கம் அது. நான் மாத்த மாட்டனுங்க."

அந்த ஆள் வரமாட்டாரே என்று தெரு முழுக்கச் சொன்னது. அருளப்பனுக்கு மோர் ஞாபகம் வந்திருக்கும். ஜெய்தூன் பீவி மட்டும், "ஒங்கப்பா பிடிவாதமும் ஒன் பிடிவாதமும் சேந்தா மலைக்கோட்டையவே நகத்திப்புடலாம்டி," என்றார். மலர்விழிக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு வருடமாக அப்பாவைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், பண்டிகைக்குக் கூப்பிட்டார்கள். அறுப்புக்கு யாருமே கூப்பிடவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள். மூக்கையா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் குரல் கேட்டதும் எழுந்து போவதுதான் அவர் பழக்கம். அன்றைக்கும் பாதி எழுந்துவிட்டாராம்.

"அம்மா, அப்பாகிட்டச் சொல்லு. அவரு விதை எங்கூட்டுல வெளஞ்சு நிக்குது. அருவா வெக்க ஆளில்ல. வந்தா வரட்டும், இல்லைனா உதுந்து போகட்டும்."

பாதி எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டாராம். பிறகு மூக்கையா கேட்டார், ஏழு வருடத்தில் மகளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்: "தலை சாஞ்சிருச்சா?"

"சாஞ்சிருச்சுங்கப்பா."

"தண்ணிய நிறுத்து. நாளைக்கு வாறேன்."

மறுநாள் டிசம்பர் இருபத்து நாலு. காலை பத்து மணி வாக்கில் மூக்கையாவும் பழனியம்மாளும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர் கையில் சாக்கில் சுற்றிய அரிவாள், தலையில் முண்டாசு. தெருவே வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்றது. சுட்டுக்கொண்டிருந்த முறுக்கை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு, எங்கள் வீட்டு முறுக்கும் அன்றைக்குக் கருகிற்று. அருளப்பன் முன்னால் போய், "வாங்க மாமா," என்றான். மூக்கையா தலையை ஆட்டிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். வாசப்படிக்கு அருகில் வந்ததும் நின்றுவிட்டார். அந்தப் படியை மிதிப்பதில்லை என்றுதான் சத்தியம். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பிவிடுவாரோ என்று நாங்கள் எட்டி எட்டிப் பார்த்தோம். மலர்விழி உள்ளே பயிருக்கு நடுவே நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிடவில்லை. மூக்கையா குனிந்து படியைத் தேடினார். படி எங்கே இருந்தது? பயிர் ராத்திரியோடு ராத்திரியாக வாசலையும் தாண்டி வந்து, படியை மூடி, தெருவோரம் வரை நின்றது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது வயலும் அதன் வரப்பும்தான். வயலுக்குள் செருப்போடு போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டார், உள்ளே காலை வைத்தார். "மிதிச்சுட்டாருடியோய்!" என்று ஜெய்தூன் பீவி போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன.

அவர் எதையும் காதில் வாங்கவில்லை. ஒரு கதிரைப் பிடித்து உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்தார். "நம்ம விதைதான்," என்றார். அப்புறம் பழனியம்மாளை ஒரு பார்வை பார்த்தார், அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டது. முதல் அரிவாளை அவர் வைத்தார், இரண்டாவது மலர்விழி வைத்தாள். அப்பனும் மகளும் தோளோடு தோள் இடிக்க அறுத்துக்கொண்டு போனார்கள். சோபா வெளியே வந்தது, டிவி வெளியே வந்தது, கிறிஸ்துமஸ் தாத்தா வெளியே வந்தார். மூலைக்கு வந்தபோது ஓங்கிய அரிவாளை மூக்கையா அப்படியே நிறுத்தினார். பயிருக்குள் ஒரு சின்னப் பெண் சம்மணம் போட்டுக் குடிலுக்குக் காவல் உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க, பாத்து அறுங்க. பாலன் இயேசு பொறக்கப் போற எடமுங்க இது."

மரியநாதபுரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. எங்கள் தெருவில் எந்தக் குழந்தையும் இப்படி 'ங்க' போட்டுப் பேசாது. அவள் அம்மாவிடமிருந்து வந்த பேச்சு, அம்மாவுக்கு அவர் வாயிலிருந்து வந்த பேச்சு. மூக்கையா மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீ யாரு கண்ணு?"

"ஜோவிட்டாங்க. நீங்க யாருங்க?"

அவர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் உங்கம்மாவப் பெத்தவனுங்க," என்றார். அந்தப் பிஞ்சுக்கும் மரியாதையில் குறை வைக்கவில்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, குடிலைச் சுற்றி நின்ற பயிரைக் கையாலேயே ஒவ்வொன்றாக ஒடித்து எடுத்தார். கடைசியில் ஒரு பிடித் தாளை எடுத்து, கன்றுக்குட்டிக்குப் பரப்புகிற மாதிரி, குடிலுக்குள் பாலனுக்காகக் காலியாக இருந்த தீவனத் தொட்டியில் பதமாகப் பரப்பினார்.

கதிரைத் தெருவில் போட்டு அடித்தோம். தெருவே களமாகி, கேரல் பையன்கள் டிரம்மை அடிக்க, தடியை எடுத்தவனெல்லாம் அடித்தான். சூசைமாணிக்கம் பச்சைக்கொடி, சிவப்புக்கொடி காட்டி டூவீலர்களைத் திருப்பிவிட்டார். அந்தக் கொடிகளை அவர் எதற்காக வீட்டில் வைத்திருந்தார் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. மத்தியானம் கூடம் டைல்ஸில் ஒரு கீறல் இல்லாமல், துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. அதன் நடுவில் இலை போட்டு மூக்கையாவை உட்கார வைத்தார்கள். புதுக் கேப்பையில் களி கிண்டி, ஜெய்தூன் பீவி வீட்டிலிருந்து வந்த கறிக்குழம்பை ஊற்றினாள் மலர்விழி. அவர் முதல் கவளத்தை வாயில் போட்டு மென்று விழுங்குகிற வரைக்கும் அவள் மூச்சே விடவில்லை. "உப்பு கொஞ்சம் கம்மி," என்றார் மூக்கையா. மலர்விழி விழுந்து விழுந்து சிரித்தாள், அழுதாள், உப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அருளப்பன் ஒரு பெரிய சொம்பு நிறைய மோரைக் கொண்டுவந்து மாமனார் முன்னால் வைத்து, "குடிங்க மாமா," என்றான். தெரு கொல்லென்று சிரித்தது. மூக்கையாவும் சிரித்தார். அன்றைக்கு மரியநாதபுரத்தில் கேப்பைக்களி போகாத வீடு இல்லை.

அதிலிருந்து வருடாவருடம் அந்தக் கூடத்தில் விளைகிறது. இந்த வருடம் போன வருடத்தைவிடக் கதிர் பெரிது. டிசம்பர் பிறந்தால் சோபாவை மாடிக்கு ஏற்றிவிடுவார்கள், வாசப்படியைப் பயிர் மூடிக்கொள்ளும், இருபத்து நாலாம் தேதி மூக்கையா அரிவாளோடு வந்து இறங்குவார். இன்றைக்கும் அவரிடம் கேட்டால் மருமகன் வீட்டு வாசப்படியை மிதித்ததே இல்லை என்றுதான் சொல்வார். திண்டுக்கல்லில் ஒரு வயல் இருக்கிறது, மார்கழியில் அறுப்புக்குப் போய்ப் பொங்கல் கழித்துத் திரும்புவேன் என்பார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அந்த வயலில் அவருக்கென்று ஒரு கட்டிலும், கொடியில் ஒரு துண்டும், பேத்தி எடுத்து வைத்த புதுச் சட்டையும் இருக்கின்றன.